நாலு டிகிரி

"ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தேன்டா. அரை மணி நேரம்..."

"அக்கா, கதவைச் சாத்து மொதல்ல."

"கண் கொட்டாம பார்த்தேன். ரெண்டும் ஒரே மாதிரி..."

"வெளியில டாக்டர் இருக்காங்க, சத்தம் போடாதேங்கிறேன்ல?"

"ஒரே மாதிரி அடியில போய் உட்காருதுடா! நான் வேணும்னே கெடுத்து வெச்ச குப்பியும், நீ நல்லா இருக்குன்னு எடுத்துக் கொடுத்த குப்பியும்!"

"நீ சரியா ஆட்டியிருக்க மாட்டே."

"முப்பத்தொரு வருஷமா ஆட்டுறேன். எனக்கு ஆட்டத் தெரியாதா?"

அவன் எழுந்துபோய்த் தானே கதவைச் சாத்தினான். சுகாதார நிலையத்தின் பின்கட்டில் இருந்த அந்த அறையில் இரண்டு பேர் நின்றாலே மூன்றாவது ஆளுக்கு இடமிருக்காது. முக்கால்வாசியை அந்த வெள்ளைக் குளிர்பெட்டியே அடைத்துக்கொண்டிருந்தது. மூடியை மேலே தூக்கித் திறக்கிற, ஆள் உள்ளே படுக்கலாம் போன்ற நீளப் பெட்டி. குழந்தைகளுக்குப் போடும் தடுப்பு மருந்தெல்லாம் அதற்குள்தான்.

பெட்டிக்கு இந்தப் பக்கம் நின்றவள் நர்ஸ். அந்த வட்டாரத்தில் அவளை யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. ஊசியக்கா என்றால் நடக்கத் தெரிந்த குழந்தை ஓடி ஒளிந்துகொள்ளும், நடக்கத் தெரியாதது உதட்டைப் பிதுக்கும். அந்தப் பக்கம் நின்றவன் அவள் தம்பி. பதினெட்டு வயது இளையவன். அம்மா போனபோது அவனுக்குப் பால் பற்கள்கூட முளைத்து முடிக்கவில்லை. அவன் பள்ளி முடிக்கட்டும் என்று அவள் கல்யாணம் காத்திருந்தது. அப்புறம் அது காத்திருந்தே போய்விட்டது. இந்தக் குளிர்பெட்டியைப் பார்த்துக்கொள்கிற வேலையை அவனுக்கு வாங்கிக் கொடுத்ததும் அவள்தான்.

மேசைமேல் இரண்டு குப்பிகள். ஒன்றை முந்தின நாள் அவளே ஃப்ரீசருக்குள் வைத்து உறையவைத்து, மறுபடி உருகவிட்டிருந்தாள். செத்த மருந்து எப்படி இருக்கும் என்று பக்கத்தில் வைத்துப் பார்க்க. இன்னொன்று புதன்கிழமை குழந்தைகளுக்குப் போட்டுவிட்டு மிச்சமிருந்த பெட்டியிலிருந்து எடுத்தது. அந்த அட்டைப்பெட்டியில் ஐஸ் ஒட்டியிருந்ததைப் பார்த்துத்தான் அவளுக்குச் சந்தேகமே வந்தது. நல்ல மருந்தைக் குலுக்கி வைத்தால் நீர் கலந்த பால்போல ஒரே சீராக வெகுநேரம் நிற்கும். ஒரு தடவை உறைந்துபோனது நிற்காது. பொடிப்பொடியாகத் திரிந்து அடியில் படியும். மேலே தண்ணீர் தெளிந்துவிடும். இரண்டு குப்பியிலும் மேலே தண்ணீர் தெளிந்திருந்தது.

"திருகாணிய எதுல வெச்சிருந்தே?" என்று கேட்டாள்.

"எந்தத் திருகாணி?"

"என் தலையில இருக்கிறது. குளிரைக் கூட்டிக் குறைக்கிற பெட்டித் திருகாணிடா!"

"ஏழுல."

"எப்பவும் மூணுலதானே இருக்கும்?"

"மூணு நாள் சேர்ந்தாப்பல லீவு. வெயில் மண்டையப் பொளக்குது. கரண்டு வேற வர்றதும் போறதுமா இருந்துச்சு. மருந்து சூடாகிடுமேன்னு திருகி விட்டேன். கூடையில இருந்த மருந்தையெல்லாம் எடுத்து அடியில ஐஸை ஒட்டி அடுக்கினேன். நல்லதுன்னுதானேக்கா செஞ்சேன்?"

அக்கறை இல்லாதவன் இந்தத் தப்பைச் செய்யமாட்டான். அக்கறை உள்ளவன்தான் செய்வான். ஒவ்வொரு பயிற்சியிலும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்ததெல்லாம் சூட்டைப் பற்றிய பயம். குப்பி ஒவ்வொன்றின் மேலும் ஒரு சின்னக் கட்டம் ஒட்டியிருக்கும். சூடு பட்டால் அது கறுத்துப்போய்க் காட்டிக்கொடுத்துவிடும். குளிர் பட்டால் காட்டிக்கொடுக்க ஒன்றும் கிடையாது. குப்பி பளிச்சென்றுதான் இருக்கும். உள்ளே மருந்து செத்திருக்கும்.

"சரி, லீவு நாள்ல ஒரு தடவையாவது வந்து பார்த்தியா?"

"பார்த்தேன்."

"என்னைப் பார்த்துச் சொல்லு."

அவன் சுவரைப் பார்த்தான். சுவரில் வெப்பநிலை எழுதும் அட்டவணை தொங்கியது. காலை ஒரு தடவை, மாலை ஒரு தடவை தெர்மாமீட்டரைப் பார்த்து எழுத வேண்டியது. அவள் விரலை வைத்துக்கொண்டே போனாள்.

"சனிக்கிழமை நாலு டிகிரி. ஞாயித்துக்கிழமை, கட்டடமே பூட்டிக் கிடக்கு, நாலு டிகிரி. திங்கக்கிழமை நாலு. செவ்வா, புதன், வியாழன் எல்லாம் நாலு. இன்னிக்கு வெள்ளிக்கிழமை, காலையில நாலு. இன்னிக்குச் சாயங்காலம் நாலு! இப்ப மணி பத்தரைடா. சாயங்காலம் எத்தனை இருக்கும்னு உனக்கு எப்படித் தெரியும்? ஜோசியமா பார்க்கிறே?"

"எல்லா இடத்துலயும் அப்படித்தான்க்கா எழுதுறாங்க. ரெண்டுலேர்ந்து எட்டுக்குள்ள இருக்கணும். அதான் நாலு."

"புதன்கிழமை நாப்பத்திரண்டு பிள்ளைங்களுக்குப் போட்டேன். என் கையால போட்டேன்டா."

"விஷமாகிப்போச்சா? இல்லைல்ல? வெறும் தண்ணி மாதிரிதானே ஆயிருக்கும்?"

"தண்ணியக் குடிச்சிட்டுச் சாப்பிட்டேன்னு நினைச்சுக்கிட்டு இருக்கிறவன் கதை தெரியுமா உனக்கு? பசின்னே சொல்லமாட்டான். அதுதான் ஆபத்து." அவள் பதிவேட்டை இழுத்தாள். "எல்லாருக்கும் போன் போடுறேன். திரும்ப வரச் சொல்லிப் போட்டுடலாம்."

அவன் பதிவேட்டின் மேல் கையை வைத்தான்.

"அக்கா. எட்டு வருஷமா தற்காலிகம். அடுத்த மாசம்தான் நிரந்தர உத்தரவு வருது. இப்பப் போய் நீ இதைச் சொன்னா என் பேர் அந்த லிஸ்ட்ல இருக்குமா?"

"பிள்ளைங்க..."

"பிள்ளைங்களுக்கு இன்னும் ரெண்டு ஊசி பாக்கி இருக்கு. மூணுல ஒண்ணுதானே போச்சு? நாலு வாரம் கழிச்சு வருவாங்க, நல்ல மருந்து போடுவோம். கூட ஒண்ணு சேர்த்துப் போட்டாக்கூட யாருக்குத் தெரியும்?"

"கையை எடு."

"என் பொண்ணுக்கும் அதே பெட்டி மருந்துதானே போட்டே?" அவன் குரல் தழைந்தது. "இருபத்துமூணாம் நம்பர். எட்டு வருஷம் தவமா தவமிருந்து பெத்த பிள்ளை. பெத்தவன் நானே பயப்படலையே. நீ எதுக்குக்கா பயப்படுறே?"

அவள் பதிவேட்டிலிருந்து கையை எடுத்தாள். பிறகு அவள் மிச்சமிருந்த குப்பிகளையெல்லாம் கழிவுப் பையில் போட்டுக் கட்டினாள். திருகாணியை மூன்றுக்குத் திருப்பினாள்.

"அடுத்த ஊசி நாள் வரைக்கும்தான்," என்றாள். "அன்னிக்கு நான் சொல்லிடுவேன்."

"உன் இஷ்டம்க்கா," என்றான் அவன், பதிவேட்டை அலமாரிக்குள் தள்ளிக்கொண்டே.

*

அந்தப் பதிவேட்டில் பதினேழாம் எண்ணாக இருந்தது தையல்காரியின் பெண். பிறந்து ஆறு வாரம். தம்பி குடியிருந்த தெருவிலேயே, அவன் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி அவள் மெஷின் போட்டிருந்தாள். அந்தப் புதன்கிழமை கோடை மழையில் குழந்தையை மேல்துணிக்குள் சுற்றி எடுத்துக்கொண்டு வந்து, வரிசையில் நின்றபடியே வம்பளந்தாள்.

"நானும் ஊசி, நீங்களும் ஊசி. ஆனா என் ஊசி குத்துனா துணி அழுவுறதில்லக்கா."

"உன் துணிக்கு ஜுரம் வராது, உன் பிள்ளைக்கு வருமே."

"அதான் கேக்குறேன். நல்லா இருக்கிற பிள்ளைய எதுக்குக் குத்தணும்? நோவு வந்தப்புறம் வைத்தியம் பார்த்தா ஆகாதா?"

ஊசியக்காவுக்கு இந்தக் கேள்வி பழகியது. பதிலும் பழகியது. வரிசையில் நிற்கிற எல்லாருக்கும் கேட்கும்படிதான் சொல்லுவாள்.

"உன் மாமியார் ஊர்லேர்ந்து வர்றாங்கன்னு வெச்சுக்க. நீ பார்த்ததே இல்ல. திடீர்னு வந்து நின்னா என்ன ஆகும்?"

"வீடு ரெண்டாகும்."

"அதே அம்மாவோட பழைய புடவை ஒண்ணு முன்னாடியே உன் வீட்டுக்கு வந்துடுச்சுன்னா? புடவைக்கு வாய் கிடையாது. உன்னை ஒண்ணும் சொல்லாது. ஆனா அந்த வாசனை உனக்குப் பிடிபட்டுடும். அப்புறம் நிஜ மாமியார் தெருமுனையில திரும்புறப்பவே மூக்கு சொல்லிடும். அவங்க படியேறுறதுக்குள்ள நீ வீட்டை ஒதுங்கவெச்சுட்டு இடுப்புல முந்தானையச் சொருகிட்டு நிப்பே. இந்தக் குப்பியில இருக்கிறது அந்தப் புடவைதான். கக்குவான் இருமல் கிருமியக் கொன்னு, பல்லைப் பிடுங்கி, வெறும் வாசனைய மட்டும் அனுப்புறோம். பிள்ளை உடம்பு அதைப் பிடிச்சு வெச்சுக்கும்."

"அப்ப எதுக்கு மூணு தடவை?"

"ஒரு தடவை மோந்தது மறந்துபோகும். மூணு தடவைன்னா மறக்காது."

"மாமியாரே இல்லாத உங்களுக்கு இவ்வளவு விவரமா!"

"தூர நின்னு பார்க்கிறவளுக்குத்தான்டி எல்லாம் தெரியும்."

வரிசை சிரித்தது. பின்னால் நின்ற ஒருத்தி, "எங்க பிள்ளைக்குப் போட்டாச்சு, மத்தவங்க போட்டா என்ன போடாட்டி என்ன?" என்று கேட்டாள்.

"ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தா தன் பிள்ளை தானே வளரும்னு சும்மாவா சொன்னாங்க? உன் பிள்ளைக்கு இன்னும் மூணு ஊசி முடியல. அதுவரைக்கும் அதைக் காப்பாத்துறது யாரு? ஊசி முடிச்ச பக்கத்து வீட்டுப் பிள்ளைங்க. நோவு உள்ளே வர வழி இல்லாம அதுங்க சுத்தி நிக்குது." அவள் பதினேழாம் எண்ணின் தொடையைத் துடைத்தாள். "ம், பிடி. கால கெட்டியாப் பிடி."

குழந்தை வீறிட்டது. தையல்காரியின் கண்ணிலும் தண்ணீர். அட்டையில் முதல் கட்டத்தில் தேதி எழுதிக் கொடுத்ததும் அதை ஈரம் படாமல் ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

இதெல்லாம் ஊசியக்காவுக்கு ஒரு சொல் விடாமல் நினைவிருந்தது. அவள் கொடுத்தது வாசனை போன புடவை.

*

மூன்று வாரம் கழித்து, ஒரு திங்கட்கிழமை காலை, டாக்டரின் அறைக்கு வெளியே அந்தச் சத்தத்தை அவள் கேட்டாள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் கேட்ட சத்தம். இடையில் வருஷக்கணக்காகக் கேட்கவில்லை. இருமல் ஒன்று, அதன் வாலைப் பிடித்துக்கொண்டு அடுத்தது, அடுத்தது, மூச்சு வாங்க இடைவெளியே இல்லாமல். கடைசியில் சத்தமே இல்லை. வாய் மட்டும் திறந்திருக்கிறது. முகம் சிவந்து, உதட்டோரம் நீலம் பூக்கிறது. பிறகு ஒரு கேவல்.

தையல்காரி குழந்தையை நிமிர்த்திப் பிடித்திருந்தாள். டாக்டர் புதிதாக வந்த பெண். நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்துவிட்டு அட்டையை வாங்கிப் பிரித்தாள்.

"வீட்ல யாருக்காவது இருமல் இருக்கா?"

"இவ அப்பாவுக்கு இருக்குங்க. மூணு வாரமா. ஆனா அவர் எப்பவும் இருமுவார், பீடி."

"கக்குவானா இருக்குமோன்னு..." என்று ஊசியக்கா வாயெடுத்தாள்.

"எனக்கும் தோணுச்சு சிஸ்டர். ஆனா ஒரு ஊசி போட்டிருக்கே?" டாக்டர் கட்டத்தைக் காட்டினாள். உங்கள் கையெழுத்துதானே என்பதுபோல. "ஒரு ஊசின்னா முழுக் காவல் இல்லதான். இருந்தாலும் இவ்வளவு கடுமையா வரக்கூடாது. சளிதான் கட்டியிருக்கும். மருந்து எழுதுறேன், ரெண்டு நாள் பார்க்கலாம்."

அப்போது சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வாக்கியம். அந்த ஊசி கணக்கில்லை டாக்டர். ஐந்து சொல்கூட இல்லை. நடையில் மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்த தம்பி அப்படியே நின்றான். அவளைப் பார்த்தான். சின்ன வயதில் ஜுரத்தில் படுத்திருக்கும்போது பார்ப்பானே, அதே பார்வை.

"எதுக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடலாமே டாக்டர்," என்றாள் ஊசியக்கா.

"அட்டையப் பாருங்க சிஸ்டர். போடாத பிள்ளைன்னா இந்த நிமிஷமே அனுப்பியிருப்பேன்."

"நீங்க பயப்படாதீங்கக்கா," என்றாள் தையல்காரி, அவள் முகத்தைப் பார்த்து. "நீங்க போட்ட ஊசி. பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாது."

செவ்வாய் மதியம் குழந்தை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் மூச்சை விட்டது. மறுபடி எடுக்கவில்லை.

*

நல்ல ஊசியாக இருந்திருந்தாலும் வந்திருக்கலாம். வந்தாலும் பிழைத்திருக்கலாம். வராமலே போயிருக்கலாம். அந்த மூன்று 'லாம்'களுக்கும் நடுவில் ஊசியக்கா ஒரு வாரம் சோறு தண்ணி இல்லாமல் புரண்டாள். தம்பி ஒரு நாள் வந்து வாசற்படியில் நின்றான்.

"அது முன்னாலேயே நோஞ்சான் பிள்ளைக்கா."

"பிறந்தப்ப மூணு கிலோ. நான்தான் எடை போட்டேன்."

"அவ புருஷன் இருமினதுக்கு நாம என்ன பண்றது?"

"நாமன்னு சொல்லாதே."

"அப்ப நான்னு சொல்லவா? சொல்லிடு. போய்ச் சொல்லிடு. செத்தது திரும்பி வரப்போகுதா?"

அவன் போனபிறகும் அந்த வாக்கியம் வாசலிலேயே நின்றது.

அடுத்த ஊசி நாள் வந்தது. காலை ஒன்பதுக்கெல்லாம் நாற்காலிகளை வரிசையாகப் போட்டாள். பஞ்சு, ஊசி, பதிவேடு எல்லாம் எடுத்து வைத்தாள். பத்தரை மணிக்கு ஐந்து பேர் வந்திருந்தார்கள். பதினொன்றுக்கு அதில் ஒருத்தி எழுந்து போய்விட்டாள். மற்றவர்கள் குழந்தைகளை மடியில் இறுக்கிக்கொண்டு, கிசுகிசுவென்று பேசி, அவள் திரும்பினால் நிறுத்தினார்கள்.

"என்ன பேச்சு? என்கிட்டயே கேளுங்க."

ஒருத்திக்குத்தான் வாய் வந்தது. "இல்ல... அந்தத் தையக்காரப் பிள்ளைக்கும் நீங்கதானே போட்டீங்க? போட்டும் செத்துச்சு. அப்புறம் போட்டா என்ன, போடாட்டி என்னன்னு எங்க வீட்ல..."

"எங்க வீட்ல இன்னும் மோசம்," என்றாள் இன்னொருத்தி. "போட்டதாலதான் செத்துச்சாம்."

அப்போதுதான் தையல்காரி உள்ளே வந்தாள். கையில் குழந்தை இல்லாத அவளை அடையாளம் கண்டுகொள்ள ஒரு கணம் பிடித்தது. யாரிடமும் பேசாமல் நேரே மேசைக்கு வந்து அட்டையை வைத்தாள். மடிப்பில் வியர்வை பட்டு எழுத்து ஊறியிருந்தது.

"இதை நீங்களே வெச்சுக்கங்கக்கா. இன்னும் ரெண்டு கட்டம் காலியா இருக்கு."

அவ்வளவுதான். போய்விட்டாள். அவளுக்குப் பின்னால் மிச்சமிருந்த நாலு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு எழுந்தார்கள்.

காலி நாற்காலிகளின் நடுவில் ஊசியக்கா உட்கார்ந்திருந்தாள். தொடையைப் பிடித்து நாள் பூராவும் குத்தினாலும் திருப்பித் திட்டாத தெரு இது. எத்தனை வருஷம் வீடு வீடாய் ஏறி இறங்கி, காலில் விழாத குறையாக வரவழைத்த தெரு. இப்போது அது மருந்தைப் பொய் என்கிறது. மருந்து எந்தப் பொய்யும் சொல்லவில்லை. சுவரில் தொங்குகிற தாள் சொன்னது. அதைத் தெரிந்துகொண்டும் வாயைத் திறக்காத ஒருத்தி சொன்னாள்.

அடுத்த ஊசி நாள் வரைக்கும் என்றல்லவா தவணை வைத்தோம், என்று நினைத்தாள். தவணை முடிந்துவிட்டது.

அட்டவணையைச் சுவரிலிருந்து பிய்த்து எடுத்துக்கொண்டு டாக்டரின் அறைக்குப் போனாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். திருகாணி, ஐஸ், குப்பி, நாலு டிகிரி. முடிந்ததும் டாக்டர் கேட்டாள்.

"அந்தத் திங்கக்கிழமை நீங்க என் பக்கத்துலதானே சிஸ்டர் நின்னீங்க?"

"ஆமா."

"அட்டையப் பார்த்துத்தானே நான் வீட்டுக்கு அனுப்பினேன்?"

"ஆமா டாக்டர்."

டாக்டர் தண்ணீர் டம்ளரை எடுத்தாள். குடிக்காமலே வைத்தாள். "எழுதிக் கொடுங்க. ரெண்டு பேர் பேரும் போட்டு. நான் மேல அனுப்புறேன். பிள்ளைங்களுக்கு?"

"பதிவேடு என்கிட்ட இருக்கு. இங்க யாரும் வரமாட்டாங்க. நானே வீடு வீடாப் போறேன்."

*

முதலில் தையல்காரி வீட்டுக்குத்தான் போனாள். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஊசியக்கா நடையில் நின்று சொல்லச் சொல்ல அது ஓடிக்கொண்டே இருந்தது. பள்ளிச் சீருடை ஒன்றின் தோள்பட்டை ஊசிக்கடியில் நகர்ந்தது. சொல்லி முடித்தபோது நூல் அறுந்தது. தையல்காரி நூலை எச்சில் தொட்டுக் கோத்தாள்.

"அப்ப நீங்க போட்டது தண்ணி."

"ஆமாம்மா."

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"போட்ட மூணாம் நாள்."

மிதியில் வைத்த கால் நின்றது. "நான் அன்னிக்கு உங்களைப் பயப்படாதீங்கன்னு சொன்னேன்," என்றாள் தையல்காரி.

அடிப்பாள் என்று ஊசியக்கா எதிர்பார்த்தாள். அடித்திருந்தால் தேவலை.

"மத்த பிள்ளைங்களுக்கெல்லாம் சொல்லிட்டீங்களா?"

"இல்ல. உன்கிட்டதான் முதல்ல வந்தேன்."

"இங்க நின்னு என்ன பண்றீங்க? போங்க."

மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.

ஐஸ் வைத்த மருந்துப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊசியக்கா இரண்டு நாள் நடந்தாள். சில வீடுகளில் கதவு திறக்கவில்லை. ஒரு வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள். ஒருவன் பெட்டியைப் பிடுங்கிச் சாக்கடையில் எறியப் பார்த்தான். சில பேர், "இதாவது நல்ல மருந்தா?" என்று கேட்டார்கள். அவள் குப்பியைக் கையில் கொடுத்தாள். "நீங்களே ஆட்டிப் பாருங்க. கலங்கலாவே நிக்குதா? அடியில படியலையே? அப்பப் போடலாம்." இரண்டாம் நாள் சாயங்காலம் பதிவேட்டில் இருபத்தொன்பது பேருக்குப் பக்கத்தில் புதுத் தேதி ஏறியிருந்தது. பன்னிரண்டு பாக்கி. அதில் ஒன்று இருபத்துமூன்று.

தம்பியை வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது. அவளையும் விசாரணைக்கு அழைத்திருந்தார்கள். முந்தின நாள் நடுத்தெருவில் நின்று அவன் கத்தியிருந்தான். "வளர்த்த கையாலேயே கழுத்தை நெரிச்சுட்டியே!" அவள் நிற்காமல் நடந்தாள். ஆனாலும் அவன் பிள்ளைக்குக் கடைசியாகத்தான் போடவேண்டும் என்று அவளே தீர்மானித்திருந்தாள். தன் வீட்டுப் பிள்ளை முந்தக்கூடாது என்று. மனசு முழுக்க அந்தப் பிள்ளைமேல்தான் இருந்தது. அதன் இருமல் ஒன்று கேட்டுவிடுமோ என்று அந்த ஒரு மாதமும் தெருவில் போகும்போதெல்லாம் அந்த ஜன்னலடியில் நின்று காது கொடுத்திருக்கிறாள்.

தம்பி மனைவிதான் கதவைத் திறந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"வாங்க அண்ணி. அவர் குளிக்கிறார். நீங்க வந்தது தெரிஞ்சா..."

"சண்டைக்கு வரல. பிள்ளையத் தூக்கிட்டு வா. ஊசி போட்டுட்டுப் போயிடுறேன்."

"இவளுக்கு எதுக்கு அண்ணி? அதான் போட்டாச்சே."

"அது கெட்டுப்போன மருந்தும்மா. உன் வீட்டுக்காரன் உன்கிட்ட சொல்லலையா?"

"சொன்னார். அதனாலதானே டவுன்ல தனியார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய்த் திரும்பப் போட்டுட்டு வந்தோம்."

ஊசியக்கா மருந்துப் பெட்டியைக் கீழே வைத்தாள். "எப்ப?"

"அப்பவே. நீங்க புதன்கிழமை போட்டீங்களா, அந்தச் சனிக்கிழமை." அவள் உள்ளே போய் ஒரு புது அட்டையை எடுத்து வந்தாள். தடித்த, பளபளப்பான அட்டை. "காலையிலேயே ஆட்டோ பிடிச்சுட்டு வந்தார். 'அக்காகிட்ட சொல்லாதே, அது மனசு கஷ்டப்படும்'னார். உங்களுக்குத் தெரியாதா அண்ணி?"

முதல் கட்டத்தில் தேதி. ஆட்டிப் பார்த்த குப்பிகள் மேசைமேல் இருந்த வெள்ளிக்கிழமைக்கு மறுநாள். பெத்தவன் நானே பயப்படலையே என்று அவன் சொன்னதற்கு மறுநாள்.

"தையக்கார அக்காகூட வாசல்ல பிள்ளையத் தோள்ல போட்டுக்கிட்டு நின்னாங்க," என்றாள் அவள், எதுவும் விளங்காமல். "'காலங்கார்த்தால குடும்பத்தோட எங்க கிளம்பிட்டீங்க'ன்னு கேட்டாங்க. இவர்தான், சும்மா சொந்தக்காரங்க வீட்டுக்குன்னு சொன்னார்."

பின்கட்டில் தண்ணீர் விழும் சத்தம் நின்றது. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, தலையில் ஈரம் சொட்ட அவன் நடைக்கு வந்தான். அக்காவைப் பார்த்தான். அவள் கையிலிருந்த அட்டையைப் பார்த்தான். மனைவி இடுப்பில் குழந்தை கொழுகொழுவென்று, அப்பாவைக் கண்டதும் இரண்டு கையையும் நீட்டியது.

"அக்கா, நான் சொல்றதைக் கொஞ்சம்..."

"அந்த ஆட்டோவுல இன்னொரு பிள்ளைக்கு இடம் இருந்துச்சேடா," என்றாள் ஊசியக்கா.